ஜாவா வரைபட மென்பொருளுக்கு எந்தத் தரவுத்தளம்? முதலில் டிரைவரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் கணினிப் பகுதியில், ஜாவாவில் வரைபட மென்பொருள் எழுதும் மாணவர் ஒருவர், இடம்சார் தரவை எதில் சேமிப்பது என்று கேட்டிருந்தார். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள சர்வரையும் அதற்கு இடம்சார் வசதி தரும் போஸ்ட்ஜிஐஎஸ் நீட்சியையும் நிறுவிக்கொள்ளச் சொல்லியிருந்தீர்கள். பதிலில் பிழை இல்லை, ஆனால் அவருடைய கேள்விக்கு அது பொருந்தாது. அவர் எழுதுவது களப்பணிக்கு எடுத்துப்போகும் மடிக்கணினியில், இணையம் எட்டாத இடத்திலும் ஓட வேண்டிய நிரல். அதற்காக ஒவ்வொரு கணினியிலும் சர்வர் நிறுவி, போர்ட் திறந்து, கடவுச்சொல் வைத்துப் பராமரிக்க எந்த அலுவலகத்திலும் ஆள் கிடையாது. நிரலுக்குள்ளேயே ஓடி, எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளும் உட்பொதி தரவுத்தளம்தான் அங்கே தேவை.

ஷேப்ஃபைல் என்ற பழைய வரைபடக் கோப்பு வடிவமே போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி. அதன் பண்பு அட்டவணையான டிபிஎஃப் பகுதியில் நெடுவரிசைப் பெயருக்கு 10 பைட்தான் இடம். யூடிஎஃப்-8 குறியீட்டில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் ஆவதால் 'ஊர்' என்று எழுதுவதற்குள் 9 பைட் தீர்ந்துவிடும்.

உட்பொதி வகையில் இன்று பொருட்படுத்த வேண்டியவை எஸ்க்யூலைட் என்ற ஒற்றைக்கோப்புத் தரவுத்தளத்தின்மீது நீட்சியாக ஏறும் ஸ்பேஷியலைட், அதே எஸ்க்யூலைட் கோப்பாக வரும் ஜியோபேக்கேஜ், முழுக்க ஜாவாவிலேயே எழுதப்பட்ட எச்2 ஆகியவை. டெர்பியும் எச்எஸ்க்யூஎல்டிபியும் நல்ல தரவுத்தளங்கள்தாம், ஆனால் அவற்றில் வடிவியல் வகையோ இடக் குறியீட்டு அட்டவணையோ (ஒரு பகுதிக்குள் வரும் உருவங்களை விரைவில் தேடித்தருவது) இல்லை.

இவற்றை ஒப்பிடும்போது பெரும்பாலானோர் எதில் எத்தனை இடச் செயற்கூறுகள் இருக்கின்றன என்றுதான் பட்டியல் போடுகிறார்கள். ஜாவாக்காரருக்கு அந்தப் பட்டியல் இரண்டாம்பட்சம். ஜேடிஎஸ் என்ற ஜாவா வடிவியல் நூலகம் கையில் இருக்கும்போது வெட்டு, சேர்ப்பு, இடையகம் (உருவத்தைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரம்வரை உள்ள பரப்பு), உள்ளே-வெளியே சோதனை எல்லாம் ஜாவாவிலேயே நடந்துவிடும். ஸ்பேஷியலைட் நம்பியிருக்கும் ஜியோஸ் நூலகமே ஜேடிஎஸ்ஸை சி++ மொழிக்கு மாற்றி எழுதியதுதான். தரவுத்தளம் நமக்குச் செய்து தர வேண்டியது இரண்டு காரியம்: கோப்பு கெடாமல் காப்பது, திரையில் தெரியும் சதுரத்துக்குள் வரும் உருவங்களை நொடியில் எடுத்துத் தருவது. ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி, நிரலையும் தரவுத்தளத்தையும் இணைக்கும் இந்த டிரைவர் பயனரின் கணினியில் போய் என்ன செய்யும் என்பதே.

ஸ்பேஷியலைட்டை எடுத்துக்கொள்வோம். ஜாவாவில் எஸ்க்யூலைட்டுக்கு எல்லோரும் பயன்படுத்துவது ஸெரியல் என்ற திட்டம் வெளியிடும் ஜேடிபிசி (ஜாவாவின் தரவுத்தள இணைப்பு முறை) டிரைவர். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்குமான சி நூலகங்களை ஜார் கோப்புக்குள்ளேயே வைத்திருக்கிறது. நிரல் தொடங்கியதும் தனக்குரியதைத் தற்காலிகக் கோப்புறையில் பிரித்துப்போட்டு ஏற்றிக்கொள்ளும். முதல் இடறல் இங்கேயே வரலாம். லினக்ஸில் தற்காலிகக் கோப்புறையை நிரல் இயங்கத் தடைபோட்டு ஏற்றியிருந்தால், 'ஃபெயில்ட் டு மேப் செக்மென்ட்' என்று ஒரு பிழை வந்து நின்றுவிடும். டிரைவர் பழுது என்று நினைத்துப் பதிப்பை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். 'ஓஆர்ஜி.எஸ்க்யூலைட்.டெம்ப்டைர்' என்ற பண்பில் வேறொரு கோப்புறையைக் காட்டினால் தீர்ந்தது.

இதுவரை வந்தது வெறும் எஸ்க்யூலைட்தான். ஸ்பேஷியலைட் வேண்டுமென்றால் மாட்_ஸ்பேஷியலைட் என்ற நீட்சியைத் தனியாக ஏற்ற வேண்டும். டிரைவரில் நீட்சி ஏற்றும் வசதி இயல்பாக மூடியிருக்கும். இணைப்பைத் திறக்கும்போதே எஸ்க்யூலைட்கான்ஃபிக் வகுப்பின் வழியாக அதைத் திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் 'நாட் ஆதரைஸ்ட்' என்று திருப்பி அனுப்பும். ஒவ்வொரு இணைப்புக்கும் இதைத் தனித்தனியாகச் செய்ய வேண்டும் என்பதைக் கவனியுங்கள். பல இணைப்புகளைத் திறந்துவைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் இணைப்புக் குளம் வைத்திருப்பவர்கள் முதல் இணைப்பில் மட்டும் ஏற்றிவிட்டு, நிரல் சிலநேரம் ஓடுகிறது, சிலநேரம் ஓடவில்லை என்று தவிப்பதன் காரணம் இதுதான்.

அடுத்தது விண்டோஸின் தலைவலி. மாட்_ஸ்பேஷியலைட்டின் டிஎல்எல் (விண்டோஸ் நூலகக்) கோப்பு கண்ணெதிரே இருக்கும், ஆனால் 'குறிப்பிட்ட மாட்யூல் கிடைக்கவில்லை' என்று விண்டோஸ் சொல்லும். கிடைக்காமல் போனது அந்தக் கோப்பு அல்ல. ஜியோஸ், ப்ராஜ், லிப்எக்ஸ்எம்எல், சி++ இயக்க நூலகம் என்று அது சார்ந்திருக்கும் கோப்புகளில் ஏதோ ஒன்று. அவை இருக்கும் கோப்புறை பாத் மாறியில் (விண்டோஸ் தேடிப்பார்க்கும் கோப்புறைகளின் பட்டியல்) இருக்க வேண்டும். ஜாவா தொடங்கிய பிறகு உள்ளிருந்து பாத்தை மாற்ற வழியில்லை. எனவே தொடக்கக் கோப்பிலேயே சேர்க்க வேண்டும், அல்லது சார்பு வரிசைப்படி அடியிலிருந்து மேலாக ஒவ்வொரு டிஎல்எல்லையும் 'சிஸ்டம்.லோட்' மூலம் முன்கூட்டியே ஏற்றிவிட வேண்டும். 64 பிட் ஜாவாவுக்கு 64 பிட் டிஎல்எல், ஆப்பிள் சில்லு மேக்கில் ஆர்ம் ஜாவாவுக்கு ஆர்ம் நூலகம் என்ற பொருத்தமும் தப்பக்கூடாது. உபுண்டுவில் மட்டும் இது சுலபம்: 'லிப்எஸ்க்யூலைட்3-மாட்-ஸ்பேஷியலைட்' என்ற பொதியை நிறுவினால் போதும்.

நீட்சி ஏறிவிட்ட பிறகும் இரண்டு பொறிகள் உண்டு. புதுக் கோப்பில் 'இனிட்ஸ்பேஷியல்மெட்டாடேட்டா' அழைக்கும்போது அடைப்புக்குள் 1 கொடுங்கள். கொடுத்தால் ஆயிரக்கணக்கான ஆய அமைப்பு (இடத்தை எண்களால் குறிக்கும் முறை) வரிசைகளும் ஒரே பரிவர்த்தனையில் எழுதப்படும். கொடுக்காவிட்டால் பழைய சுழல்வட்டில் நிமிடக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இரண்டாவது பொறி இதைவிட மோசம், ஏனென்றால் பிழைச்செய்தியே வராது. இடக் குறியீட்டு அட்டவணையை உருவாக்கிவிட்டால் வினவல் தானாக அதைப் பயன்படுத்தும் என்பது போஸ்ட்ஜிஐஎஸ் பழக்கம். ஸ்பேஷியலைட்டில் அப்படி இல்லை. 'ஸ்பேஷியல்இண்டெக்ஸ்' என்ற மெய்நிகர் அட்டவணையை உள்வினவலில் வைத்து, அட்டவணைப் பெயரும் தேடல் சட்டகமும் கொடுத்து, அது தரும் வரிசை எண்களைக் கொண்டு வடிகட்ட வேண்டும். இது தெரியாமல் எழுதிய நிரல் சரியான விடையையே தரும், ஆனால் ஒவ்வொரு முறை வரைபடத்தை நகர்த்தும்போதும் அட்டவணை முழுவதையும் படிக்கும். நூறு உருவங்களில் தெரியாது, லட்சத்தில் திரை உறைந்துவிடும்.

உரிமத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பேஷியலைட் எம்பிஎல், ஜிபிஎல், எல்ஜிபிஎல் மூன்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும்படி தரப்படுகிறது. ஆனால் ஆர்டிடோப்போ நூலகத்தைச் சேர்த்துத் தொகுத்த நீட்சி முழுவதற்கும், மூல நிரலையும் சேர்த்துத் தரச் சொல்லும் ஜிபிஎல் வந்துவிடும். மென்பொருளை விற்க நினைப்பவர், கிடைத்த டிஎல்எல் எப்படித் தொகுக்கப்பட்டது என்று பார்க்காமல் பெட்டியில் போடக்கூடாது.

இத்தனை சிக்கலும் எதற்காக? தரவுத்தளத்துக்குள்ளேயே வெட்டு, இடையகம், ஆய மாற்றம் செய்வதற்காக. அதை ஜேடிஎஸ் செய்துவிடும் என்றால் நீட்சியே வேண்டாம். அந்த மாணவருக்கு எங்கள் பரிந்துரை ஜியோபேக்கேஜ்தான்.

ஜியோபேக்கேஜ் 2014இல் ஓஜிசி என்ற இடம்சார் தரவு நியம அமைப்பு ஏற்றுக்கொண்ட நியமம். கோப்பு ஒன்றே ஒன்று, உள்ளே எஸ்க்யூலைட். க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளின் 3.0 பதிப்பிலிருந்து அதன் இயல்பு வடிவமும் இதுவே. ஆகவே உங்கள் நிரல் எழுதிய கோப்பை அலுவலகத்தில் இருப்பவர் இரட்டைச் சொடுக்கில் திறந்துவிடலாம். குறியீட்டு அட்டவணைக்கு எஸ்க்யூலைட்டின் சொந்த ஆர்-ட்ரீ (எல்லைகளை மரம்போல் அடுக்கும் இடக் குறியீடு) போதும், ஸெரியல் டிரைவரில் அது ஏற்கெனவே தொகுக்கப்பட்டே வருகிறது. எந்த டிஎல்எல்லும் தனியாக வேண்டாம்.

இதிலும் ஒரு முள் உண்டு. க்யூஜிஐஎஸ் உருவாக்கிய கோப்பில் ஜாவாவிலிருந்து ஒரு வரிசையைச் சேர்த்தால், 'எஸ்டி_இஸ்எம்ப்டி என்ற செயற்கூறு இல்லை' என்று பிழை வரும். நீங்கள் அப்படி எதையும் அழைக்கவில்லையே என்று குழம்ப வேண்டாம். வரிசை மாறும்போது தானாக ஓடி ஆர்-ட்ரீயைப் புதுப்பிக்கும் டிரிகர்கள் அழைக்கின்றன. அந்த டிரிகர்களுக்கு வேண்டியவை ஐந்தே செயற்கூறுகள்: காலியா என்று சொல்வது ஒன்று, எக்ஸ், ஒய் இரண்டின் சிறும பெரும மதிப்புகளைத் தருபவை நான்கு. சிலர் டிரிகரையே நீக்கிவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள். அதன்பின் சேர்த்த உருவங்கள் அட்டவணையில் இருக்கும், வரைபடத்தில் தெரியாது, ஏனென்றால் க்யூஜிஐஎஸ் ஆர்-ட்ரீயைக் கேட்டுத்தான் வரைகிறது.

சரியான வழி, ஸெரியல் டிரைவரில் உள்ள 'ஃபங்ஷன்' வகுப்பை நீட்டி அந்த ஐந்தையும் ஜாவாவிலேயே எழுதி இணைப்பில் பதிவுசெய்வது. இதையும் இணைப்புக்கு இணைப்பு செய்ய வேண்டும். உள்ளே வரும் பைட் வரிசையை இப்படிப் படியுங்கள். முதல் இரண்டு பைட் 'ஜி', 'பி' என்ற எழுத்துகள். மூன்றாவது பதிப்பு எண், நான்காவது கொடிகள், அடுத்த நான்கு பைட் ஆய அமைப்பு எண். ஆக 8 பைட் தலைப்பு. கொடிப் பைட்டின் கடைசி பிட் பைட் வரிசை எந்தப் பக்கம் என்று சொல்லும். ஜாவாவின் பைட்பஃபர் இயல்பாகப் பெருமுனை வரிசையில் (பெரிய மதிப்புள்ள பைட் முதலில்) படிக்கும் என்பதால் இதைப் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு அடுத்த மூன்று பிட், எல்லைப் பெட்டி (உருவத்தை அடக்கும் செவ்வகம்) எழுதப்பட்டிருக்கிறதா என்று சொல்லும். 0 என்றால் இல்லை, 1 என்றால் 32 பைட், 2 அல்லது 3 என்றால் 48, 4 என்றால் 64. பெட்டியின் வரிசை சிறும எக்ஸ், பெரும எக்ஸ், சிறும ஒய், பெரும ஒய். பழக்கதோஷத்தில் இரண்டு சிறுமங்களையும் முதலில் படித்தால் பெட்டிகள் எங்கோ போய் விழும். அதைத் தாண்டினால் வடிவியலைப் பைட்டுகளாக எழுதும் வழக்கமான டபிள்யூகேபி, ஜேடிஎஸ் வாசிப்பானிடம் கொடுத்துவிடலாம்.

புள்ளி உருவங்களுக்குப் பெரும்பாலும் எல்லைப் பெட்டி எழுதப்படுவதில்லை, புள்ளிக்கு அது வீண் சுமை என்பதால். பெட்டி எப்போதும் இருக்கும் என்று நம்பி எழுதிய செயற்கூறு, பலகோணங்களில் ஒழுங்காக ஓடி, கிணறு, மின்கம்பம் என்று புள்ளி அடுக்கு வந்ததும் சரியும். கொடி 0 என்றால் டபிள்யூகேபியைப் படித்தே கணக்கிட வேண்டும். வாசிப்பான் பொருளை இழைகளுக்கிடையே பகிரவும் கூடாது. உயரத்தோடு எழுதுபவர்களுக்கு இன்னொன்று: ஜேடிஎஸ்ஸின் எழுதுவான் இசட் மதிப்பைக் குறிக்கும் முறை ஜியோபேக்கேஜ் கேட்கும் ஐஎஸ்ஓ முறைக்கு ஒவ்வாது, வகை எண்ணை நீங்களே திருத்த வேண்டும். இவ்வளவும் கையால் எழுத மனமில்லாதவர் ஜியோடூல்ஸ் என்ற ஜாவா நூலகத்தின் ஜியோபேக்கேஜ் கூற்றை எடுத்துக்கொள்ளலாம், செயற்கூறுகளை அதுவே பதிவுசெய்யும். அது மேவன் சென்ட்ரல் என்ற பொது ஜாவா களஞ்சியத்தில் இராது, ஓஎஸ்ஜியோ களஞ்சிய முகவரியைச் சேர்க்க வேண்டும்.

ஆர்-ட்ரீ எண்களை உண்மையான ஆயங்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது 32 பிட் மிதவை எண்ணில் சேமிக்கிறது. சென்னையின் தீர்க்கரேகை 80 டிகிரி அளவில் அடுத்தடுத்த இரண்டு மதிப்புகளுக்கு இடையே ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும். எஸ்க்யூலைட் சிறுமத்தைக் கீழ்நோக்கியும் பெருமத்தை மேல்நோக்கியும் தள்ளி எழுதுவதால் எந்த உருவமும் விட்டுப்போகாது, வேண்டாத சில கூடுதலாக வரும். அவற்றை ஜேடிஎஸ் கொண்டு ஒருமுறை சல்லடை போட வேண்டும். வேகத்துக்காக அந்தச் சல்லடையை விட்டுவிட்டால் மனை எல்லையில் பக்கத்து மனையும் சேர்ந்து வரும்.

எழுதும் வேகம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தானியங்கு உறுதிப்படுத்தலை அணைத்து, பத்தாயிரம் வரிசைக்கு ஒருமுறை உறுதிப்படுத்துங்கள். முதல் ஏற்றத்தில் தரவு முழுவதும் ஏறிய பிறகு குறியீட்டை உருவாக்குங்கள். திருத்தங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதும் டபிள்யூஏஎல் முறையில் ஓடும்போது கோப்பின் பக்கத்தில் இன்னும் இரண்டு கோப்புகள் முளைக்கும். நிரல் ஓடிக்கொண்டிருக்கையில் முதன்மைக் கோப்பை மட்டும் பென்டிரைவில் நகலெடுத்தால் கடைசியாகச் செய்த திருத்தங்கள் வராமல் போகலாம். வலையமைப்புப் பகிர்வில் இந்த முறையே கூடாது.

எச்2 எப்போது? கோப்பை உங்கள் நிரல் தவிர வேறு எதுவும் திறக்கப்போவதில்லை என்றால். சுமார் இரண்டரை எம்பி ஜார், சி நூலகம் எதுவும் இல்லை, ஜாவா ஓடும் இடமெல்லாம் ஓடும். டிரைவரும் தரவுத்தளமும் ஒன்றே. இடச் செயற்கூறுகளுக்குப் பிரான்சில் ஆய்வாளர்கள் உருவாக்கிய எச்2ஜிஐஎஸ் இருக்கிறது, அடியில் அதே ஜேடிஎஸ். வினவலில் எல்லைப் பெட்டிகளை ஒப்பிடும் இரட்டை 'அண்ட்' குறியை எழுதினால்தான் இடக் குறியீடு வேலைசெய்யும். வெட்டுகிறதா என்ற செயற்கூறை மட்டும் எழுதினால் இங்கேயும் அட்டவணை முழுவதும் படிக்கப்படும். கோப்பை ஒரு செயல்முறை பூட்டிக்கொள்ளும். இரண்டாவது நிரலும் திறக்க வேண்டுமானால் இணைப்பு முகவரியில் 'ஆட்டோ_சர்வர்' சேர்க்க வேண்டும்.

எச்2 மீது எங்கள் குறை, பதிப்பு மாற்றம். 1.4.200இல் எழுதிய கோப்பை 2 வரிசைப் பதிப்புகள் திறக்காது. பழைய ஜாரைக் கொண்டு 'ஸ்கிரிப்ட்' கட்டளையில் வெளியே எடுத்து, புதிய ஜாரில் 'ரன்ஸ்கிரிப்ட்' மூலம் உள்ளே போட வேண்டும். அப்போதும் 'வேல்யூ' என்று ஒரு நெடுவரிசை இருந்தால், அது புதிய பதிப்பில் ஒதுக்கப்பட்ட சொல் என்பதால் ஏற்றம் பாதியில் நிற்கும். நூறு கணினிகளில் பயனர்களின் கோப்புகள் சிதறிக் கிடக்கும்போது இதை யார் செய்வது? எஸ்க்யூலைட்டின் கோப்பு வடிவம் 2004இல் வந்த 3.0 முதல் இன்றுவரை படிக்கக்கூடியதாகவே இருக்கிறது. நீண்டநாள் சேமிக்க வேண்டிய நில அளவைத் தரவுக்கு எங்கள் ஓட்டு அந்தப் பக்கம்தான்.

புதிதாக வந்த டக்டிபி என்ற உட்பொதி பகுப்பாய்வுத் தரவுத்தளம் பற்றிக் கேட்கிறார்கள். கோடிக்கணக்கான வரிசைகளை ஒரே மூச்சில் கூட்டிக் கழிக்க அருமையானது. ஆனால் அதன் இட நீட்சி இயல்பாக இணையத்திலிருந்து இறக்கப்படுவது, பதிப்போடு பதிப்பு பொருந்த வேண்டியது. களத்தில் ஒவ்வொன்றாகத் திருத்திச் சேமிக்கும் வேலைக்கு இப்போதைக்கு வேண்டாம்.

ஆயங்களில் இரண்டு எச்சரிக்கை. ஜியோபேக்கேஜில் எப்போதும் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை பிறகு. ஜியோடூல்ஸோ 4326 (ஜிபிஎஸ் பயன்படுத்தும் உலக ஆய அமைப்பின் எண்) என்று கேட்டால் அட்சரேகையை முதலில் வைக்கும், தீர்க்கரேகை முதலில் வேண்டும் என்று இரண்டாம் அளபுருவில் வற்புறுத்த வேண்டும். பரப்பளவை டிகிரியில் கணக்கிடாமல், உலகை 6 டிகிரி மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யூடிஎம்முக்கு மாற்றுபவர்கள், 78 டிகிரி தீர்க்கரேகை தமிழ்நாட்டின் குறுக்கே போகிறது என்பதை மறக்கக்கூடாது. கோவையும் திண்டுக்கல்லும் 43ஆம் மண்டலம், அதாவது ஆய அமைப்புகளுக்கான ஈபிஎஸ்ஜி பட்டியலில் 32643. மதுரையும் சென்னையும் 44, அதாவது 32644. மண்டலத்தை நிரலில் நிலையாக எழுதிவிடாதீர்கள். இலங்கை முழுவதும் 44க்குள் அடங்கிவிடும், அங்குள்ளவர்களுக்குத் தங்கள் நாட்டுக் கட்டமான 5235உம் இருக்கிறது.

ஊர்ப்பெயர் தேடல் தனிக் கதை. 'கொடைக்கானல்' என்பதன் முதல் எழுத்தில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் குறியும் காலும் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது, தரவுத்தளத்துக்கு அவை இரண்டு வேறு சொற்கள். சேமிக்கும்போதும் தேடும்போதும் ஜாவாவின் நார்மலைசர் வகுப்பில், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவுக்கு மாற்றிவிடுங்கள். எஸ்க்யூலைட்டின் எஃப்டிஎஸ்5 முழுஉரைத் தேடலை வைப்பவர்கள், அதன் இயல்பு சொற்பிரிப்பான் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் இடைவெளியாகக் கருதித் தமிழ்ச் சொற்களைத் துண்டாக்கும் என்பதை அறிந்திருக்க வேண்டும். 'கேட்டகரீஸ்' என்ற விருப்பத்தில் எம்என், எம்சி (இத்தகைய குறிகளுக்கான யூனிகோடு வகைகள்) இரண்டையும் சேர்த்தால் சரியாகிவிடும். வரிசைப்படுத்தலில் யூனிகோடு எண்ணை நம்பினால் ற, ள, ழ மூன்றும் வகரத்துக்கு முன்னால் வந்து நிற்கும். யூனிகோடு உரையைக் கையாளும் ஐசியு4ஜே நூலகத்தின் தமிழ் வரிசையை எஸ்க்யூலைட் டிரைவரின் 'கொலேஷன்' வகுப்பில் கோத்துவிடலாம். எச்2இல் அந்த நூலகம் அருகில் இருந்தால் ஒரு கட்டளையே போதும்.

கடைசியாக, மென்பொருளை வெளியே கொடுக்கும் முன் அதைச் சோதிக்கும் கணினியில் க்யூஜிஐஎஸ்ஸோ ஓஎஸ்ஜியோ4டபிள்யூ என்ற விண்டோஸ் வரைபட மென்பொருள் தொகுப்போ நிறுவியிருக்கக் கூடாது. அவை இருந்து பாத்திலும் ஏறியிருந்தால் உங்கள் தொகுப்பில் விட்டுப்போன டிஎல்எல்களை அங்கிருந்து எடுத்துக்கொண்டு எல்லாம் ஒழுங்காக ஓடுவதுபோல் காட்டும். புதிதாக நிறுவிய விண்டோஸில், பயனர் பெயரைத் தமிழிலும் நடுவில் இடைவெளியோடும் வைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். தற்காலிகக் கோப்புறையின் பாதை அந்தப் பெயர் வழியாகத்தான் போகிறது.

இப்படிக்கு,
வரைபட மென்பொருள் எழுதுவோர் சிலர்,
கோயம்புத்தூர்